கடையில் இல்லாத தகடு

ஜூன் 11, புதன்

தூறல். மூட்டத்தில் எதிர் மலை காணவில்லை. கிளினிக் நாள். நேற்று போயா (பௌர்ணமி) லீவு, ஆஸ்பத்திரியில் இன்றைக்கு இரண்டு நாள் கூட்டம்.

அம்மாவிடம் சொன்னது வாத கிளினிக். போவது மனநோய் கிளினிக். இரண்டுக்கும் ஒரே வராந்தா, பெஞ்சு மட்டும் வேறு. வாதக்காரர்கள் எங்கள் பெஞ்சைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! முழங்கால் போனவனுக்கும் கீழே பார்க்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

டொக்டர் புதிது. சின்னப் பெண், சிங்களம். என் சிங்களம் புருவம் எடுக்கவும் முடி வெட்டவும் போதும், வியாதி சொல்லப் போதாது. ஆகவே மொழிபெயர்க்க நடுவில் பத்மினியக்கா. ஆஸ்பத்திரியில் வேலை, வீடு எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிஷன். அவளிடம் சொல்வதும் கோயில் ஸ்பீக்கரில் சொல்வதும் ஒன்று.

"முந்தி ஒப்பரேஷன் ஏதும் செஞ்சிருக்கான்னு டொக்டர் நோனா கேக்குறாங்க."

"இல்ல."

"நல்லா யோசிச்சு சொல்லு புள்ள."

"இல்லக்கா."

இது மூன்றாவது டொக்டர். மூன்றாவது 'இல்லை'.

கா.மா. (காலை மாத்திரை) பழையதே. இ.மா. (இரவு) புதிது. தூக்கத்துக்கும் வலிக்கும் சேர்த்தாம். பதினாலு நாளைக்குப் பதினாலு. உறையை என் சலூனில் கிழித்து, வெட்டின முடியோடு குப்பையில் போட்டேன். இ.மா.வை டுபாயிலிருந்து கொண்டுவந்த சத்து மாத்திரைப் போத்தலில் கொட்டி வைத்திருக்கிறேன். யார் பார்த்தாலும் சத்து மாத்திரை.

வாங்க: நூல், ப்ளீச், மெழுகுவர்த்தி.

ஜூன் 12, வியாழன்

நன்றாகத் தூக்கம். விடிந்த பிறகும் தூக்கம். வாய் மரத்தூள் தின்ற மாதிரி.

கொட்டகலை டவுனில் என் சலூனுக்கு மழை நாளில் வருகிறவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி டீச்சர். பல்லில் நூலைக் கடித்துப் புருவம் எடுக்கிறேன், வலது கை விரல் மடங்க மாட்டேன் என்கிறது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "என்னா விஜி, ஒண்ணு மேல ஒண்ணு கீழ?" கோபமாகக்கூட இல்லை, பாவப்பட்டுக் கேட்டாள். கோபப்பட்டிருக்கலாம். இனி வர மாட்டாள்.

சீப்பில் ஒரு பிடி முடி. ஊரார் தலையைச் சீவிப் பிழைக்கிறவளுக்கு! சாமிக்கும் நக்கல் தெரிகிறது.

என் வியாதிக்கு இதுவரை மற்றவர்கள் சொன்ன காரணங்கள்:
1. டுபாய் ஏசி.
2. கண்ணூறு. (கழிப்புக் கழித்தாயிற்று. ஒரு சேவல் செத்ததுதான் மிச்சம்.)
3. முப்பத்தாறு வயதாகியும் கலியாணம் இல்லை.
4. தைராய்டு. (பார்த்தாயிற்று. இல்லை.)
5. முடிச் சாயம்.
6. மனசு.

ஏழாவதை யாரும் சொன்னதில்லை, எனக்கு மட்டும் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன், டுபாய் சலூனில் வேலை பார்த்தபோது, மார்பில் வைத்துக்கொண்ட இரண்டு சிலிக்கோன் பைகள். இடது பக்கம் இப்போது கெட்டி. சட்டைக்குள் கொஞ்சம் மேலே ஏறியும் இருக்கிறது.

போனில் தேடினேன். எங்கெங்கோ இருக்கிற பெண்கள், எல்லாரிடமும் என் பட்டியல்தான்: மூட்டு, முடி, களைப்பு, மறதி, அழுகை. சில டொக்டர்கள் ஆமாம் என்கிறார்கள், சிலர் நிரூபணம் இல்லை என்கிறார்கள். எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி கேட்பது. கேட்க நடுவில் பத்மினி.

ஜூன் 14, சனி

மழை விட்டு விட்டு. அம்மா ஹட்டன் போய் வந்தாள். ஐம்பத்தேழு வயது, இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறாள். அரை நாள் ஓய்வு கிடைத்தால் எனக்காக ஒரு கோயில், இல்லாவிட்டால் கோயிலுக்கு ஒரு சாமான். இன்றைக்குப் பூஜைச் சாமான் கடையில் வெள்ளித் தகட்டில் ஒரு கை, ஒரு கால்.

"ஆடித் திருவிழாவுல மாரியம்மா உண்டியல்ல போட்டுட்டா சரியாப்போயிரும். எந்த எடம் நோவுதோ அந்த எடத்தத்தான் போடணும்."

"நல்லதும்மா."

"கண்ணு, காது, வயிறு எல்லாம் வச்சிருக்கான். ஒனக்கு வேற எங்கயும் நோவலையே?"

"இல்ல."

நான்காவது 'இல்லை'. இந்த முறை சாமிக்கே.

ஏன் வைத்தாய் என்று யாராவது கேட்டால்? மேடம் சொன்னாள், கஸ்டமர் கேட்டார்கள், எவனோ ஏமாற்றினான் என்று சொல்லலாம். எல்லாருக்கும் பிடித்த பதில் அது. அப்படி ஒருவருமில்லை. எனக்கு ஆசை. பாவாடையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான பீலிக் குழாயில் எட்டுப் பேரோடு குளித்து வளர்ந்தவள். கண்ணாடியில் பார்க்க எனக்கென்று ஓர் உடம்பு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு வருஷம் சந்தோஷமாகவும் இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அம்மா நினைப்பது: டுபாய்ச் சாப்பாடு, சதை போட்டிருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

பயம்.

சாயங்காலம் போத்தலைக் கொட்டி எண்ணினேன். ஐந்து இரவு போட்டேன். ஒன்பது இருக்க வேண்டும். இருப்பது நாலு.

மூன்று தடவை எண்ணினேன். நாலுதான்.

நானே போட்டேனா? ஒன்று போட்டதை மறந்து இன்னொன்று? இப்போதெல்லாம் அடுப்பில் தண்ணீர் வைத்ததே மறக்கிறது. இல்லை, மறதி இல்லையா? வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது, எல்லாம் போதும் என்று நினைத்தேன். நினைத்தது ஞாபகம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தது ஞாபகமில்லை.

என் கையையே நம்ப முடியவில்லை. இன்றைக்கு மாத்திரை வேண்டாம். போத்தல் என் பக்கத்தில் இருக்கக் கூடாது. கொண்டுபோய்க் குசினிச் சுவர்த் தட்டில், அம்மாவின் தேயிலை டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பதினொரு மணி. ஒரு பிள்ளைக்கு முகத்தில் ப்ளீச் பூசிக்கொண்டிருக்கிறேன். லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பரா மல்லிகாக்காவின் போன். அம்மாவோடு மலைக்குப் போகிறவள்.

"விஜி, ஒங்கம்மா செடிக்குள்ள படுத்துத் தூங்குது. எழுப்புனா எழும்ப மாட்டேங்குது."

பிள்ளையை முகம் கழுவிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓட்டம். த்ரீவீல்காரன் பள்ளம் ஒன்றுவிடாமல் இறக்கினான்.

கொழுந்துப் பையில் தலை. இடுப்பில் கட்டுகிற படங்கை யாரோ அவிழ்த்துப் போர்த்திவிட்டிருந்தார்கள். மேலே தூறல். வாய் திறந்து நிம்மதியாகத் தூக்கம். இரண்டு முழம் தள்ளிப் பள்ளம். கங்காணி தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"முப்பத்தஞ்சு வருஷமா பாக்குறேன் புள்ள. இந்தம்மா மலையில ஒக்காந்துகூட நான் பாத்ததில்ல."

இரண்டு பேர் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூன்று மணிக்குத் தெளிந்தாள். தேத்தண்ணி கேட்டாள். குடித்துவிட்டுச் சிரிக்கிறாள்!

"ஒஞ் சத்து மாத்திரதாண்டி. வெள்ளிக்கெழமலருந்து காலையில ஒண்ணு போட்டேன், முழங்கால் நோவே தெரியல. இன்னைக்கி ரெண்டாப் போட்டுட்டேன். மல்லிகாவுக்கும் ஞாயித்துக்கெழம ஒண்ணு குடுத்தேன். டுபாய் சாமான், நம்ம மட்டும் திங்கிறதா?"

டுபாய்ச் சவர்க்காரம், டுபாய்த் தைலம், டுபாய்ப் பிஸ்கட் எல்லாம் இந்த லயத்தில் அப்படித்தான் போகும். பங்கு வைக்காமல் தின்றால் வயிறு வலிக்குமாம். மாத்திரைக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? எனக்குத்தான் புத்தி இல்லை.

எண்ணிக்கை சரி. நான் போடவில்லை. முதலில் வந்தது நிம்மதி. அப்புறம்தான் அந்தப் பள்ளம் ஞாபகம் வந்தது.

"பழைய மாத்திரம்மா, தேதி முடிஞ்சது" என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. என் ஒரு பொய்யை நான் போத்தலில் போட்டு வைத்தேன், அதை அம்மா விழுங்கியிருக்கிறாள்.

"அது சத்து மாத்திரை இல்ல. மனசு சரியில்லாததுக்குக் குடுத்தது."

"யாருக்கு?"

"எனக்கு. நா போறது வாத கிளினிக் இல்லம்மா."

"மனசுக்கு என்னா?"

அப்படியே ஒன்றைப் பிடித்து இழுக்க மற்றது வந்தது. மனசு ஏன்? உடம்பு நோவதால். உடம்பு ஏன்? தெரியாது, ஆனால் ஒரு சந்தேகம். என்ன சந்தேகம்? சட்டையைத் தூக்கிக் காட்டினேன். மார்புக்குக் கீழ் மடிப்பில் தழும்பு.

அம்மா தொட்டுப் பார்த்தாள். தேயிலைக் கறை ஏறின விரல், சொரசொரவென்று.

"உள்ள என்னாடி? ரப்பரா?"

"அது மாதிரி."

"ஆம்பள எவனாச்சும் வைக்கச் சொன்னானா?"

"யாரும் சொல்லல. எனக்கு ஆசையா இருந்துச்சு."

"ஆசையா."

அவ்வளவுதான். எழுந்து போய் ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். இரண்டு பேருக்கு ரொட்டி சுட அவ்வளவு நேரம் பிசைய வேண்டியதில்லை.

ஜூன் 18, புதன்

பேச்சில்லை. அடி விழும் என்று நினைத்தேன், ஒப்பாரி வைப்பாள் என்று நினைத்தேன். தட்டில் ரொட்டியும் சம்பலும் மூடி வைத்துவிட்டு மலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு அவள் மேல் கோபம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊரே ஏசட்டும், போடி என்று விடலாம். இது பேசாமல் வாங்குகிற பழி.

மல்லிகாக்கா பீலியில் கேட்டாளாம், "அந்த மாத்திர இன்னும் இருக்கா? நல்லாத் தூக்கம் வந்துச்சு." தோட்டம் முழுக்கத் தூக்கம் கெட்டுத்தான் கிடக்கிறது. பெஞ்சில் உட்கார மட்டும் நான்.

ஜூன் 20, வெள்ளி

இ.மா. தீர்ந்தது. மறுபடி கேட்டால் ஏன் தீர்ந்தது என்று பத்மினி கேட்பாள். வேண்டாம். கா.மா. மட்டும்.

கடை திறக்கவில்லை. பல் விளக்கினேன். இன்றைக்குச் செய்தது அது ஒன்றுதான்.

அம்மா சொல்லாமல் ஹட்டன் போய் வந்தாள். வெறுங்கை. குடையை உதறும்போது மூன்று நாளைக்குப் பிறகு முதல் பேச்சு:

"அந்த சாமான் கடக்காரன் பொறுக்கிப் பய."

"என்னா கேட்ட?"

"இல்லன்னுட்டான். பல்லக் காட்டுறான்."

என்ன கேட்டாள் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "புதங்கெழம நானும் வாரேன்" என்றாள்.

ஜூன் 25, புதன்

மழை. ஆறரை பஸ். அம்மா கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலை. பெஞ்சில் என் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். வாதக்காரர் ஒருவர், "நீங்க இந்தப் பக்கங்க" என்று இடம் விட்டார். "இல்லங்க, எங்களுக்கு இந்தப் பெஞ்சுதான்" என்றாள்.

அதே சின்ன டொக்டர். அதே பத்மினி. எப்படி இருக்கிறது என்று கேள்வி. நான் வாயைத் திறக்குமுன் அம்மா எழுந்தாள். தன் நெஞ்சில் தட்டிக் காட்டினாள்.

"பத்மினி, நோனாகிட்ட நா சொல்ற மாதிரியே சொல்லு. கூட்டாத, கொறைக்காத. எம்மகளுக்கு மொல ரெண்டுலயும் ரப்பர் வச்சிருக்கு. டுபாயில வச்சது. எடது பக்கம் கல்லாட்டம் ஆயிருச்சு. அதுலருந்துதான் நோவோன்னு அவளுக்கு சந்தேகம். மூணு டொக்டர்கிட்டயும் வெக்கப்பட்டு மறச்சிருக்கா. எம்மகளுக்குப் பைத்தியமில்ல. அதப் பாக்கச் சொல்லு."

பத்மினி வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது. பிறகு சொன்னாள். ஒழுங்காகத்தான் சொன்னாள் போல, டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் என்னிடம் நேராக இங்கிலீஷில். எப்போது, எந்த மாதிரி, கடதாசி ஏதும் இருக்கிறதா. டுபாய் இங்கிலீஷ் கைகொடுத்தது. இதைப் பேச ஒரு மொழி என்னிடம் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. நான்தான் எடுக்கவில்லை.

திரைக்குப் பின்னால் பார்த்தாள். அதனால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றாள். கெட்டியாகிவிட்டதை எப்படியும் சேர்ஜன் பார்க்க வேண்டும், எடுக்க வேண்டியும் வரலாம். கண்டிக்குக் கடிதம். தேதி செப்டம்பரில். இடையில் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள். அம்மா சொன்னதில் 'பைத்தியமில்ல' என்பது மட்டும் டொக்டருக்கு அவசியப்படவில்லை. நானும் மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. இ.மா. இல்லாத இந்த ஐந்து நாள் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும்.

வெளியே வரும்போது பெஞ்சில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தது கீழே. சாயங்காலத்துக்குள் டயகம வரைக்கும் போய்விடும். போகட்டும். செப்டம்பர் வரை பேச அவர்களுக்கும் ஏதாவது வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னல் சீட். அம்மா மடியில் என் மாத்திரை உறை, கிழிக்காமல். அப்புறம் காதோரம்:

"விஜி. அத எடுத்தா நம்ம கைல குடுப்பாங்களா?"

"எதுக்கும்மா?"

"கோயிலுக்குத்தான். கை இருக்கு, கால் இருக்கு. இதுக்கு மட்டும் தகடு இல்லன்னுட்டானே அந்தப் பய. அதையே போட்டுருவோம்."

"உண்டியல் வாய் கொள்ளாதும்மா."

கொட்டகலை வந்துவிட்டது. இறங்கும்போது சொன்னாள்.

"அப்ப பூசாரி கைல குடுத்துருவோம்."