மஞ்சள் புகை

ஈசுவர வருடம், மாசி 12, புதன்

தார்த் தொட்டியிலிருந்து வந்த புகை மஞ்சளாக இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். மத்தியானம் அண்ணனுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். ஆத்தூர் ரோட்டுக்கு ஒட்டுப்போடுகிற தார் இறுகிவிடாமல் இரவும் பகலும் சூடாக வைத்திருப்பது அவன் வேலை. புகை மஞ்சளானால் தார் தீப்பிடித்துக்கொள்ளும் என்று எனக்குச் சொன்னவனே அவன்தான். அப்போது கிணற்றுக்குக் குளிக்கப் போயிருந்தான். நான் தொட்டிக்கு அடியில் எரிந்த அடுப்பிலிருந்து இரண்டு கட்டைகளை உருவிப் போட்டேன். புகை வெளுத்தது.

அண்ணனும் மேஸ்திரியும் சேர்ந்து வந்தார்கள்.

“நெருப்பைக் கலைச்சது நீயா? கெழங்கு சுட்டியா, சாமி?” என்றார் மேஸ்திரி. ஜல்லி உடைக்கிற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

“சின்னப்புள்ளைங்க, தெரியாமப் பண்ணிருச்சுங்க” என்றான் அண்ணன்.

மேஸ்திரி அவன் பக்கம் திரும்பினார். “காத்தால தாரு தண்ணியாட்டம் ஓடோணும். இல்லீன்னா ஊடு போய்ச் சேரு.”

உருவிய கட்டைகளோடு பெரிய புளியங்கட்டை ஒன்றையும் அண்ணன் உள்ளே தள்ளினான். பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது தொட்டிக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்திருப்பான். படுத்தால் உடனே தூங்குகிறவன். விழித்திருந்தாலும் இருட்டில் புகையின் நிறம் தெரியுமா? காற்று வேறு அடிக்கிறது. புகை மஞ்சளாக இருந்தது என்று அவனிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அம்மா விளக்கை அணைக்கச் சொன்னாள். அணைக்கவில்லை. அப்பாவை எழுப்பிச் சொல்லிவிட்டேன். மேல்துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.