இல்லாத கைக்கு ஒத்தடம்

முழங்கால் வலிக்கென்று மருமகள் ஒரு நீலப் பை வாங்கி வந்திருக்கிறாள். உள்ளே கூழ் மாதிரி ஏதோ இருக்கிறது. வெந்நீரில் போட்டு எடுத்தால் சூட்டு ஒத்தடம், ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் குளிர் ஒத்தடம். இரண்டுக்கும் ஒரே பைதானாம். நேற்று மத்தியானம் அதை முழங்காலில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தேன். சூடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, "சூடு பத்தலட்டி" என்று நீ சொன்னது காதருகில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நீ போய் இத்தனை வருஷம் ஆன பிறகும் திரும்பிப் பார்க்கிறேன் என்றால் என்னை என்னவென்று சொல்வது?

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் நாம் ஒன்றாக வேலை பார்த்த காலம் அது. எண்பதுகளின் நடுவில் இருக்கும். வெளுத்த துணி ஈரத்தோடு சூடான உருளைகளுக்குள் போய் மறுபக்கம் காய்ந்து வரும். உள்ளே விடுகிற பக்கம் நீ, சுருட்டுகிற பக்கம் நான். துணியில் விழுந்த ஒரு சுருக்கத்தை நீவி விடக் கையை நீட்டினாய். உருளை கையை உள்ளே இழுத்துக்கொண்டது. நான் போட்ட கூச்சல் மிஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? மதுரை ஆஸ்பத்திரியில் உன் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். எடுத்த கையை உன் அம்மா வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கி வந்து கண்மாய்க் கரையில் புதைத்தார். "நான் பெத்த கை. குப்பையிலயா போடுவேன்?" என்று கேட்டுக்கொண்டே மண்ணைத் தள்ளினார்.

புண் ஆறிய பிறகுதான் உண்மையான வலி தொடங்கியது. "வளையல் இறுக்குதுட்டி" என்றாய் ஒரு நாள். நான் உன் இடது கையைப் பார்த்தேன். "இது இல்ல. அந்தக் கை" என்றாய். போகப் போக இறுக்கம் எரிச்சலானது. விரல்கள் உள்ளே மடங்கி நகம் உள்ளங்கையில் குத்துகிறது, கை இன்னும் அந்த உருளைக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அழுதாய்.

எரிகிறது என்றால் குளிர வைக்க வேண்டும். நமக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். சோடாக்கடையில் ஐஸ் வாங்கித் துண்டில் சுற்றி, வெட்டுப்பட்ட கையில் மிஞ்சியிருந்த பாகத்தில் வைத்தோம். எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. உன் அம்மா இன்னும் ஒரு படி மேலே போனார். "புள்ளையோட கை வெயில்ல கெடக்கு. மண்ணு கொதிக்குது. எரியாம என்ன செய்யும்?" என்று சொல்லி, தினமும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கை புதைத்த இடத்தில் ஊற்றிவிட்டு வந்தார். "அப்படியே ரெண்டு சோப்பும் போட்டுட்டு வாம்மா" என்று நீ கேலி செய்தாய். சிரிப்பு முடிவதற்குள் உன் முகம் வலியில் கோணிக்கொண்டது. உன் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிளம்பினார்.

எல்லா வேலையையும் ஒற்றைக் கை செய்ததில் உனக்கு இடது தோளும் வலிக்கத் தொடங்கியிருந்தது. மார்கழிக் குளிரில் ஒரு நாள், தோளுக்கென்று கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து எடுத்து வந்தேன். உட்காரும்போது என் கை உன் வெட்டுப்பட்ட கையில் பட்டது. சில்லென்று இருந்தது. "ஏட்டி, எரியுது எரியுதுங்க. தொட்டா ஐஸ்கட்டி மாதிரில்லா இருக்கு!" என்றேன். சூடு என்றாலே நடுங்குகிறவள் நீ. வேண்டாம், கிட்டக் கொண்டுவராதே என்று கத்தினாய். நான் பிடிவாதக்காரி. உப்பு முடிச்சை என் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மடிப்புத் துணி சுற்றி அந்தச் சில்லிட்ட கையில் மெதுவாக வைத்தேன்.

நீ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாய். பிறகு சின்னக் குரலில், "விரலு விரியுதுட்டி" என்றாய். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் உட்கார்ந்தபடியே தூங்கினாய்.

அதற்குப் பிறகு இறுகினால் சூடு, வீங்கினால் குளிர்ச்சி என்று நாமே சட்டம் போட்டுக்கொண்டோம். எரிகிற கைக்கு உப்பு. தண்ணீர் தூக்கித் தோள் வீங்கினால் ஐஸ். வெட்டுப்பட்ட இடத்துத் தோலில் உனக்குச் சுரணை குறைவு என்பதால் முதலில் என் கையில் வைத்துப் பார்க்காமல் உனக்கு வைத்ததில்லை. சில நாட்களில் அந்த இடமும் போதவில்லை. "இன்னும் கீழ வையி. விரலு இருக்கிற எடத்துல" என்பாய். வெறும் பாயின்மேல் நான் உப்பு முடிச்சை வைப்பேன். உன் முகம் தெளியும். எனக்குப் பிடரி சிலிர்க்கும். நம்பினாயா என்று நீ கேட்டிருந்தால், உன் முகத்தை நம்பினேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ உன் அம்மா வீட்டுக்குத்தான் வந்திருந்தாய்; உன் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அவருடைய அம்மா கீறிய கோட்டைத் தாண்டாதவர். அறுந்த கையின் வழியாக ஏதோ காத்துக் கருப்பு உனக்குள் ஏறிவிட்டது, பேயோட்டாமல் வீட்டுக்குள் விட மாட்டேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். உன் வீட்டுக்காரர் ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு உன்னிடம் சொன்னார்: "இல்லாத கை வலிக்குதுன்னு மட்டும் இனிச் சொல்லாத. கூட்டிட்டுப் போறேன்." நீ யோசிக்கவே இல்லை. "இனிச் சொல்லல. தோளுதான் வலிக்குது" என்றாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேன். "வலிய விட்டுட்டுப் போக ஏலாது. வார்த்தைய விட்டுட்டுப் போலாம்லா?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய்.

அப்புறம் லீவு கிடைக்கும்போதெல்லாம் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உப்பு வறுப்போம். யாராவது எட்டிப் பார்த்தால் முடிச்சு சட்டென்று தோளுக்கு ஏறிவிடும். அதில் கொடுமை என்ன தெரியுமா? அந்த மனிதரும் உனக்காக உப்பு வறுக்கக் கற்றுக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து உன் தோளுக்கு அவ்வளவு பதமாக ஒத்தடம் கொடுப்பார். அதற்கு ஒரு முழம் தள்ளி உன் கை எரிந்துகொண்டிருக்கும். நீ "இப்பம் நல்லாருக்கு" என்று அவரிடம் சொல்வாய். அந்தச் சொல்லை எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மஞ்சள் காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நான் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருக்கவில்லை. கண்ணெல்லாம் மஞ்சள், உதடு காய்ந்திருந்தது. உன் வலது பக்கம் கட்டில் விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் அவருடைய அம்மா. "என்ன செய்யுது?" என்று கேட்டேன். நீ யாரையும் பார்க்கவில்லை, எதையும் மறைக்கவில்லை.

"அவியள எந்திரிக்கச் சொல்லுட்டி. கை மேல உக்காந்திருக்காவ."

அவர் துள்ளி எழுந்தார். தீயில் மிதித்தவரைப் போல இரண்டடி பின்னால் போனார். கால்மாட்டில் இருந்தவர் பேய் என்றோ பிசாசு என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அந்த வெற்று விரிப்பில், விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில், என் கையை வைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் காலையில் போய்விட்டாய்.

எல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பினேன். பஸ் ஏற்றிவிட உன் வீட்டுக்காரர் வந்தார். பஸ் வந்து நின்ற பிறகுதான் கேட்டார்.

"தங்கச்சி, ரொம்ப நேரமா அங்கனதான் உக்காந்திருந்தேன். அவளுக்கு வலிச்சிருக்குமோ?"

"இல்லண்ணே" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அன்றிலிருந்து, யார் படுத்திருக்கும் கட்டிலானாலும் சரி, கையால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.