நோன்பில் பூசிய சுண்ணாம்பும் எல்லையில் விடுபட்ட கண்டல் காடும்

அனுப்புநர்:
திருமதி றிப்தி நஸ்ரியா,
செயலாளர், மாதர் சங்கம்,
களப்பு வீதி, குறிஞ்சாக்கேணி, கிண்ணியா.

பெறுநர்:
தலைவர்,
பிராந்தியத் திட்ட வரைவு ஆட்சேபனைக் குழு,
திருகோணமலை.

விடயம்: பசுமை வலய எல்லை பிழையாகக் குறிக்கப்பட்டதைத் திருத்தக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் முப்பத்தொரு வீடுகளுக்கும் உப்பு நீர்க் களப்புக்கும் நடுவில் கண்டல் காடு நிற்கிறது. புதிய வரைவில் அதன் கரையோரம் மட்டுமே பசுமை வலயம். தண்ணீருக்குள் நிற்கும் பெரும்பகுதி "அபிவிருத்திக்குரிய வெற்றுக் காணி" எனக் காட்டப்பட்டுள்ளது. மாரியில் களப்பு பொங்கும்போது அலையை முறிப்பது அந்தப் பகுதிதான் ஐயா.

2. இந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு. கடந்த நோன்பு மாதத்தில் இந்த வரைவுக்காக எல்லை குறிக்க வந்த அலுவலர், "காடு முடியிற இடத்து மரங்களுக்கு நீங்களே சுண்ணாம்பு பூசி விடுங்க, நாங்க வந்து அளப்பம்" என்றார். சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேர் வாளிகளோடு போனோம். அன்று தண்ணீர் நெஞ்சளவு நின்றது. எல்லோரும் நோன்பு. வாயிலோ காதிலோ தண்ணீர் போனால் நோன்பு முறிந்துவிடும் என்று ஒருவரும் இறங்கவில்லை. கரையில் நின்றபடி கைக்கு எட்டிய மரங்களுக்குப் பூசினோம். மிச்சத்தைப் பெருநாள் கழியப் பூசலாம் என்று சொன்னதும் நான்தான்.

3. பெருநாளுக்கு முன்னரே அளந்துவிட்டார்கள். சுண்ணாம்பு பூசிய மரமே எல்லை என்று எழுதிய தாளை என்னிடம் நீட்டினார்கள். பெருநாள் உடுப்புத் தைக்கும் அவசரத்தில் வாசிக்காமல் ஒப்பமிட்டேன்.

4. சென்ற புதன்கிழமை மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஒன்றைக் காட்டோரம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். யாருடையது என்று ஊரில் எவருக்கும் தெரியாது. காடு நிற்கும்போதே போன மாரியில் தண்ணீர் எங்கள் குசினி அடுப்பு வரை வந்தது. என் கணவருக்கு ஒரு கால் இல்லை. அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். வீட்டில் நான் ஒருத்தி. பயமாக இருக்கிறது ஐயா, வேறு விதமாக எழுதத் தெரியவில்லை.

5. ஆகவே, ஆட்சேபனைக் காலம் முடியும் இம்மாதம் 17ஆம் திகதிக்கு முன் யாரையாவது தோணியில் அனுப்பி, தண்ணீருக்குள் நிற்கும் மரங்களையும் அளப்பித்து வலயத்தில் சேர்க்குமாறும், இயந்திரத்தை உடனே அகற்றுவிக்குமாறும் தயவாய் வேண்டுகிறேன். அந்தத் தாளில் உள்ள ஒப்பம் என்னுடையதே. அதை மீளப் பெறுகிறேன்.

6. ஊரவர் கையொப்பங்கள் இணைக்கப்படவில்லை. நான் ஒப்பமிட்டது என்னோடு வந்த எட்டுப் பேருக்கும்கூடத் தெரியாது. இன்று இதைத் தபாலில் சேர்த்துவிட்டு, வீடு வீடாகப் போய்ச் சொல்லப் போகிறேன். இனி என்ன நடக்கும் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு பதிலைத் தாங்கள்தான் தர வேண்டும்.

பயத்தோடு காத்திருக்கும்,
(ஒப்பம்) றி. நஸ்ரியா

இடம்: குறிஞ்சாக்கேணி
திகதி: 07.10.2025