மார்ச்சில் வெட்டிய மரம்

ஸ்டுட்கார்ட்
மார்ச் 24

அன்புள்ள மகள் வேணுஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகன் மிதுஷனும் ஒக்லாந்தில் ஒரு குறையுமின்றிச் சுகமாக இருக்கவேண்டும் என்று முருகனை நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் உனக்குப் பொய் எழுத மனம் வரவில்லை. போனில் கதைக்கும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருப்பதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் அவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் குசினியில் இருந்து எழுதுகிறேன்.

நீ முதலாம் வகுப்புக்குப் போன வருடம் அப்பா பின்வளவில் ஒரு பிர்க்க மரம் நட்டாரே, வெள்ளைப் பட்டையும் தொங்கு கிளையுமாக நிற்குமே, அதைப் போன செவ்வாய்க்கிழமை அவரே வெட்டிவிட்டார். நான் வேலையால் வந்து பார்க்கிறேன், கைவாளோடு ஏணியில் நிற்கிறார், மேல் கொப்பெல்லாம் கீழே கிடக்கிறது. என்னப்பா செய்யிறியள் என்று கத்தினேன். முருங்கையை வெட்டிவிட்டாத்தானே தழைக்கும், காயும் கைக்கு எட்டும் என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை மகள்.

அந்த மரத்தை அவர் எப்படிப் பார்த்தவர் என்று உனக்குத் தெரியும். வேர் மேலாக ஓடுகிறது என்று அடியில் மண்வெட்டி போட விடமாட்டார், வெயில் காலத்தில் நாங்கள் குடித்தோமோ இல்லையோ அதற்குத் தண்ணீர் போகும், பட்டை பச்சை பிடித்தால் மெல்லிய பிரஷ்ஷால் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவுவார், என்னுடைய முதுகை ஒருநாள் தேய்த்துவிட்டதில்லை. இப்போது வெட்டிய இடமெல்லாம், குழாயை மூட மறந்தது மாதிரி, தண்ணீராய் வடிகிறது. நான் பதறிப்போய் மஞ்சள் குழைத்துப் பூசி அவர் உடுக்கிற பழைய சாரத்தைக் கிழித்துக் கட்டினேன். பூங்கன்று விற்கும் இடத்தில் வேலை செய்கிற பேர்பெச்சுவா அக்கா வந்து பார்த்துவிட்டு, கட்டை அவிழ் மலர், கட்டினா உள்ளுக்குள்ள அழுகிப்போம், இலை வர அது தானா நிக்கும், இனி இந்த வருசம் ஒருத்தரும் வாள் வைக்கக்கூடாது என்றார். மரத்துக்கு வைத்தியம் சொல்ல ஆள் இருக்கிறது, இவருக்கு என்ன செய்வதென்று யாரிடம் கேட்பேன் என்று அக்கா முன்னாலேயே அழுதுவிட்டேன். கட்டை அன்றே அவிழ்த்தாயிற்று.

அப்பாவுக்குத் தெரியாமல் வீட்டு டொக்டரிடம் போய்ச் சொன்னேன். ஞாபகசக்தியைச் சோதிக்கிற இடத்தில் போய்க் காட்ட ஏப்ரல் பதினேழாம் தேதிக்கு டெர்மின் எடுத்துத் தந்திருக்கிறார். அங்கே என்ன சொல்லப் போகிறார்களோ தெரியவில்லை. நான் இல்லாத நேரம் அடுப்பை அணைக்க மறந்துவிட்டால்? ரயிலில் ஏறி எங்கேயாவது இறங்கிவிட்டால்? வேலையிடத்திலிருந்து மணிக்கொரு தரம் போன் எடுக்கிறேன், அவர் எடுக்கப் பிந்தினால் எனக்கு உயிர் போய் வருகிறது. வாளைக் கீழே கெல்லரில் உன் பழைய புத்தகப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நீ அவசரப்பட்டு டிக்கெட் போடாதே, டெர்மின் முடியட்டும். குடும்ப வாட்ஸ்அப்பிலும் ஒன்றும் எழுதிவிடாதே, லவன் சித்தப்பா பொழுது விடிவதற்குள் கனடா வரைக்கும் சொல்லிவிடுவார். அங்கே குளிர் தொடங்கப் போகிறது, நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தரட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா தினமும் காலையில் தேநீர்க் கோப்பையோடு பின்வளவுக்குப் போய், மரத்தைக் கண்டு திடுக்கிட்டு, ஆர் இதை வெட்டினது, மார்ச் மாதம் பிர்க்க மரத்தில வாள் வைக்கலாமே? ஓகஸ்ட் வரைக்கும் பொறுக்க ஏலாதே? என்று சத்தம் போடுகிறார். முதல் நாள், நீங்கள்தான் வெட்டினீர்கள் என்று சொல்லிவிட்டேன். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அவர் நின்ற நிலையை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து, நான்தான் வெட்டினேன் என்று சொல்லி ஏச்சு வாங்குகிறேன். அவர் உன்னிடம் போனில் முறையிட்டால், நீயும் அவரோடு சேர்ந்து என்னை நன்றாக ஏசு, மகள்.

இப்படிக்கு,
உன் அம்மா
தேவமலர்