தேதி இணைப்புக்கு என் சம்மதம்

காஜா பெராங், மலாக்கா
12.10.1957, சனிக்கிழமை
(ஹேவிளம்பி, புரட்டாசி 26)

அன்பு மகள் கோகிலாவுக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமே. இங்கிலாந்துக் குளிரில் நீயும் நலமாயிருப்பாய் என நம்புகிறோம். உன் கடிதத்தில் தேதியே இல்லை. அஞ்சல் முத்திரையைப் பார்த்துச் செப்டம்பர் 27 எனக் கண்டுகொண்டேன். தேதிக் கணக்கு எழுதும் பெண் செய்யும் காரியமா இது? போகட்டும், இன்று எனக்குக் கோபமே வரவில்லை, காலையிலிருந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலத் தேதியைத் தமிழ்த் தேதியாக்கும் என் அட்டவணையைக் கொண்டு நீ எழுதிய இணைப்பு, உங்கள் பல்கலைக்கழகக் கணக்குப் பொறிக்கு (கம்ப்யூட்டருக்கு) கட்டளைகளைத் துளையிட்டு வைக்கும் பொதுத் துளைநாடாக்களோடு சேர என் ஒப்புதல் வேண்டும் என்று முன்பே கேட்டாய். எவரும் இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறர்க்கும் தரலாம் என்பது அங்குள்ள விதி. நானோ, என் எழுத்துமூல அனுமதியின்றி ஓர் எண்ணையும் தொடலாகாது என்று பதில் போட்டேன். அந்த நிபந்தனையை அக்டோபர் 31க்குள் நீக்காவிட்டால் பொது அலமாரியில் இடமில்லை, உன் உழைப்பு முழுதும் திரும்பிவிடும் என்று இந்தக் கடிதத்தில் கலங்கி எழுதியிருந்தாய். உன் அம்மாவோ, "ஏங்க, புள்ள ஒரு வருசமா கண்ணு நோக எழுதினத பூட்டி வச்சுப் பூசையா பண்ணப் போறீங்க?" என்று கேட்டு, இரண்டு நாள் ஆறிய கோப்பியே தந்தாள்.

நேற்று மாலை அடுத்த வீட்டுப் பிச்சை வந்தார், தலைமுறைகளாக மலாயே பேசும் மலாக்காச் செட்டிக்காரர். படியெடுத்துக்கொள்ள நான் கொடுத்த அட்டவணையில், என்னைக் கேளாமலே புதிதாக ஒரு பத்தி! போகியன்று அவர்கள் மூதாதையர்க்கு வைக்கும் பார்ச்சுப் படையல் எந்தெந்த ஆண்டு எந்த ஆங்கிலத் தேதியில் வரும் என்று மலாயில் எழுதியிருந்தார். எனக்கு இரத்தம் கொதித்தது. "ஜங்ஙான் மாரா, மாமா! தம்பா சிக்கிட் சாஜா" என்றார், கோபிக்காதீர்கள், கொஞ்சம்தான் சேர்த்தேன் என்று. சிக்கிட்டாம்! ஒரு முழுப் பத்தி கொஞ்சமா? பிழை பிடிக்கவே உட்கார்ந்தேன், ஒன்றும் அகப்படவில்லை. உச்சியில், கணக்கு சேதுராமன், சேர்த்தது பிச்சை என்று இரு பெயரையும் பிரித்தே எழுதியிருந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாத அவர் வீட்டார் அத்தனை பேரும் என் கணக்கைச் சுற்றி உட்கார்ந்து நாள் பார்க்கிறார்கள், கோகிலா! எனக்குத் தோன்றவே தோன்றாத வேலையை என் அட்டவணை செய்கிறது. ஆகஸ்டு 31இல், மெர்டேக்கா என்னும் விடுதலை நாளன்று கட்டிய கொடியை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. நேற்று அதன் கீழே நின்று நானும் அவரும் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

ஆகவே நிபந்தனையை அடித்துவிட்டேன். ஒப்பமிட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலம் யாருடையது, தாம் மாற்றியது எது என்று மாற்றுவோர் குறித்தால் போதும். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க. அங்கே நம் கணக்கில் முதலில் யார் கைவைத்தாலும், அவர் மாற்றியதை உடனே எனக்கு அனுப்பு. திட்டுவதற்கல்ல, பார்க்க ஆசையாயிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
கா. சேதுராமன்