உன் தடையும் நம் பாய்லரும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதை எங்கள் கணக்கில் சேர்க்காதே. நீயும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எனக்காகப் பொய்யாவது எழுது. போனில் கேட்டாயே, "நாங்க போட்ட தடையால உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாம்மா, மறைக்காம சொல்லு" என்று. போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்தம் சொல்வார். அதனால்தான் அவர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்தேன்.

கஷ்டம்தான். பக்கத்து நாட்டின் ஆற்றங்கரையை அபகரித்த நாட்டிடம் இனி ஒரு சொட்டு எண்ணெய்கூட வாங்குவதில்லை என்று உங்கள் எரிசக்தித் துறை ஆணை போட்ட அன்று, அதை எழுதின குழுவில் என் பெண்ணும் இருக்கிறாள் என்று அப்பா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்கும் போக மிஞ்சின டீசல்தான் நம்மைப் போன்ற சலவைக்கடைகளுக்கு என்று ஆனதும் அதே தெரு நம் வாசலுக்குத் திரும்பி வந்தது. சவரக்கடைக்காரர் வெந்நீருக்குப் பதில் பச்சைத்தண்ணீரை வந்தவர் முகத்தில் அடித்துவிட்டு, "இவங்க பொண்ணு புண்ணியத்துல இனிமே இப்படித்தான்" என்று ஒவ்வொரு ஆளிடமும் சொல்கிறாராம். கண்டக்டர், பஸ்ஸைக் குறைத்ததே நான்தான் என்பதுபோல் என்னை முறைக்கிறார். அப்பாவும் இப்போது, அந்தக் குழுவில் எத்தனையோ பேர், நம் பெண் கடைசி வரிசையில் உட்காருகிறவள் என்று சொல்லிப் பார்க்கிறார். ஒருவரும் நம்பவில்லை. நம் பாய்லரோ டீசல் இல்லாமல் அடிக்கடி அணைந்துபோனது. வெந்நீர் இல்லை, உலர்த்தும் அறையில் சூடில்லை, ஓட்டல் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு குவிந்து கிடந்தன. ஓட்டல் மேனேஜர் வேறு கடை பார்க்கவா என்று கேட்டுவிட்டார். ஓட்டல் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னார், அன்றைக்கு உப்பு குறைவு என்றுகூடச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு தரகர் வந்தார். வழுவழுவென்று பேச்சு, அதைவிட வழுவழுவென்று தலை. வேண்டிய அளவு டீசல் தருகிறேன், பழைய விலைக்கே என்றார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். மனுஷன் மறைக்கவே இல்லை. "தடை போட்ட நாட்டு எண்ணெய்தான் அம்மா, ஆனா நடுவுல ரெண்டு துறைமுகத்துல இறங்கி ஏறி வருது. கல்யாணம் ஆன பொண்ணு மாதிரி, இப்போ வேற வீட்டுப் பேரு" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. எப்போது கொண்டுவந்து ஊற்றுவீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். அவரைக் குறை சொல்லாதே, நானும் காபி போட எழுந்துவிட்டேன்.

நம் கடையில் இஸ்திரி போடுகிறவளை நீ பார்த்ததில்லை. பறிபோன அந்த ஆற்றங்கரையைச் சேர்ந்தவள், படை ஊருக்குள் வந்ததும் ஒரே ஒரு பையோடு இங்கே வந்து சேர்ந்தவள். அப்பாவை அண்ணா என்பாள், என்னை அண்ணி என்பாள், மற்றபடி வாயே திறக்க மாட்டாள். அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து நின்றாள். "அண்ணா, எங்க வீட்ட இப்போ அவங்க ஆபீஸா வெச்சிருக்காங்களாம். அந்த எண்ணெயில காஞ்ச துணிய என் கையால தேய்க்க மாட்டேன். நீங்க வாங்கிக்குங்க, நான் வேற வேல தேடிக்கிறேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா காதெல்லாம் சிவந்துபோய்க் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லி வழக்கமில்லையே. கடைசியில் தரகரிடம், "இல்லீங்க, அது வந்து, இந்தத் தடைய எழுதினதே என் பொண்ணுதான்" என்றார். கடைசி வரிசை எல்லாம் அன்றைக்கு மறந்துபோயிற்று. தரகர் முகம் வெளிறிவிட்டது, நாம் வலை விரித்து அவரைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, நான் கொண்டுவந்த காபியை என் கையிலேயே விட்டுவிட்டு, ஒரு செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினார். பிடித்துத் தள்ளினது தான்தான் என்று அப்பா உனக்கு எழுதினால் நம்பாதே.

வீராப்பு சரி, வெந்நீருக்கு என்ன செய்வது? அதற்கு வழி காட்டியது அப்பாவின் முழங்கால். பக்கத்துப் பேக்கரியின் விறகு அடுப்பு நம் சுவரை ஒட்டித்தானே இருக்கிறது. அந்தச் சுவரில் காலைச் சாய்த்தால் வலிக்கு இதமாக இருக்கிறது என்று நாற்காலியை அங்கே போட்டுக்கொண்டார். ஒருநாள் மத்தியானம் அப்படியே தூங்கிப்போய், வேர்த்து விறுவிறுத்து எழுந்து, "இவ்வளவு சூடும் சும்மா புகைக்கூண்டு வழியா போகுதுடி" என்று கத்தினார். குழாய் வேலை செய்கிற உன் மாமாவைக் கூப்பிட்டோம். பேக்கரிக்காரர் சம்மதித்தார், மாவு படிந்த அவருடைய மேல்துணிகளை இனி நாம் வெளுத்துக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. மாமா புகைக்கூண்டைச் சுற்றித் தண்ணீர்க் குழாயை வளைத்தார், சுவரில் ஓட்டை போட்டு ஒரு மின்விசிறி வைத்து அந்தச் சூட்டை உலர்த்தும் அறைக்குத் திருப்பினார். முதல் நாள் கரி பறந்து எல்லா விரிப்பும் புள்ளிமான் ஆயிற்று, அப்புறம் கரி வராமல் இருக்க மாமா விசிறிக்கு முன்னால் ஒரு வலை கட்டினார். பழைய வேலையில் பாதிதான் இப்போது முடிகிறது, அடுப்பு எரியும்போதுதான் துவைக்க முடியும். ஆனால் கடை திறந்திருக்கிறது, அவளும் இஸ்திரி போடுகிறாள்.

ஒரே ஒரு தொல்லை, விரிப்பெல்லாம் புது ரொட்டி வாசனை. எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை. மேனேஜர் நேரில் வந்தபோது கதை முடிந்தது என்று அப்பா உள்ளே ஒளிந்துகொண்டார். மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ரூம்ல தங்கறவங்க எல்லாரும் நல்லாத் தூங்கறாங்க, எழுந்ததும் பசி பசின்னு ஓடி வர்றாங்க, காலைச் சாப்பாடு ரூம் வாடகையிலேயே சேர்த்தி, எனக்குக் கட்டுப்படியாகல" என்றார். வேறு கடை பார்க்கிறீர்களா என்று கேட்டேன். ஐயையோ, வாசனைக்காகவே ஆட்கள் மறுபடி வருகிறார்கள், கொஞ்சம் குறைக்க முடியுமா என்றுதான் கேட்டேன் என்றார்.

தடையை நீட்டிப்பது பற்றிக் கூட்டம் வருகிறது, நம்மைப் போன்ற சின்னக் கடைகளுக்கு விலக்குக் கேட்கட்டுமா என்றாயே. எங்களை நினைத்துக் கேட்காதே கண்ணு. அப்படி ஒரு கதவைத் திறந்தால் முதலில் நுழைவது அந்தத் தரகர்தான். கஷ்டமில்லை என்று நான் சொல்லவில்லை, தாங்கிக்கொள்கிறோம் என்றுதான் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீ நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி, நிமிர்ந்த தலையோடு வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். கூட்டத்துக்கு முந்தின நாள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு தூங்காதே. உனக்கு எழுதுகிறேன் என்றதும் இஸ்திரி போடுகிறவளும் ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னாள். அவர்கள் நாட்டுப் பெரியவர்கள் ஆற்றங்கரை விஷயமாகப் பேச்சுவார்த்தைக்குப் போய்ச் சாயங்காலம்வரை பட்டினியாக உட்கார்ந்து, கடைசியில் பசி தாங்காமல் எதிலோ கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்களாம். அதனால், "பாப்பாவ நல்லா வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க அண்ணி" என்றாள்.

இப்படிக்கு,
உன் சாப்பாட்டைப் பற்றியே எப்போதும் யோசிக்கும்
அம்மா