சேந்தன் மறித்து நின்ற இடம்

என் செல்ல ராசா சேந்தனுக்கு,

நீ போய் ஒரு வருசம். உன் ஆட்டைத் திவசம் போன கிழமை முடிந்தது. நினைவு மலர் போடலாமா என்று உன் தங்கச்சி வசந்தி கேட்டாள். பூவும் படமும் எனக்குப் போதாது. உன்னோடு கதைக்க ஒரு விஷயம் இருக்கிறது. மற்றவர்களும் வாசிக்கட்டும்.

நாங்கள் வந்து குடியேறிய லாங்கன்தாலில் எங்கள் ஆட்களுக்கு உன் தொழில் கடைசிவரை விளங்கவில்லை. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் தடுப்பு வரிசையில் நிற்பவன் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "மாமி, உங்கட மகன் பந்தையே தொடுறேல்லையாம். பிறகென்னத்துக்குச் சம்பளம்?" என்று கோயிலில் ஒருத்தி கேட்டாள். "பந்தோட வாறவனைத் தொடத்தான் பிள்ளை சம்பளம்" என்றேன்.

தொழிற்சாலையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த உன்னை, கூட வேலை செய்த பீட்டர்தான் ஓல்டனில் தன் கழகத்துக்குக் கூட்டிப்போனான். பிறகு ஜெர்மனியில் சம்பளத்துக்கு ஆடினாய். திரும்பி வந்தும் அதே கழகத்தின் வரிசையில் நின்றாய். உன்னைத் தாண்டி ஓடியவர்கள் குறைவு. நீ விழுத்தியவனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் உன் இடத்துக்குத் திரும்புவாய். எனக்குப் பெருமை அதில்தான்.

நீ நித்திரையிலேயே போனபின் உன் படத்தடியில் விளக்கும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தோம். ஏன் என்று பீட்டர் கேட்டான். அண்ணா இன்னும் இங்கேதான் நிற்கிறார், தாகம் எடுக்கும் என்று வசந்தி சொன்னாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, விளக்கையும் தண்ணீரையும் எடுத்து, உன்னை வழியனுப்பினோம். அன்று பீட்டருக்கு வேலை. அவன் வரவில்லை. எடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவுமில்லை.

கோடையில் அவன் ஒரு வீடியோ கசெற் கொண்டுவந்தான். அதில், வரிசையில் உன் இடத்தை வெறுமையாக விட்டு ஆடினார்கள். கோட்டோரத்தில் உன் தலைக்கவசம், பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். எதிரணிக்காரன் பந்தோடு அந்த இடைவெளிக்குள் ஓடிவந்தான். ஒருவரும் அவனைத் தொடவில்லை. நெஞ்சில் அடிபட்டவன்போல மல்லாந்து விழுந்தான். பிறகு எதிரே இருந்த காற்றை நோக்கிக் கையை நீட்டினான். அந்தக் கை இழுபட, எழுந்து நின்றான்.

நான் கொன்வென்ரில் படித்தவள். பேய்க்கதைக்கு முகம் கொடுப்பவள் அல்ல. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கை ஒவ்வொரு தரமும் இழுபட்டது.

"இப்ப ஒருத்தரும் அந்தப் பக்கம் ஓடுறேல்லையாம் அம்மா. ஒரு மட்ச்கூடத் தோக்கேல்லையாம்" என்றாள் வசந்தி. பீட்டரின் முகமெல்லாம் சந்தோஷம். நான் கசெற்றை நிற்பாட்டினேன். கிரியை செய்து அனுப்பிய பிள்ளையை இவர்கள் தண்ணீர் வைத்து மறித்து வைத்திருக்கிறார்கள். நீ எப்போது போவாய்? உனக்கு முன்னமே போன அப்பா அங்கே தனியாக எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருப்பார்?

உன் இடத்துக்கு வேறு ஆளைப் போடச் சொன்னேன். பீட்டர் கெஞ்சினான்; வசந்தி அதைத் தமிழில் சொன்னாள்.

"அடுத்தது கிண்ணத்துக்கான மட்ச்சாம் அம்மா. அது முடியட்டுமாம்."

"கிண்ணத்துக்காக என்ரை பிள்ளையை மழையில நிப்பாட்டி வைக்கேலாது எண்டு சொல்லு."

"அண்ணா எங்களோட இருக்கிறது நல்லம்தானே?"

"உனக்கு நல்லம். அவனுக்கு?"

அவள் அழுதாள். பிறகு அதையே ஜெர்மனில் பீட்டரிடம் சொன்னாள். அவன் தலை குனிந்து சம்மதித்தான்.

அந்த ஞாயிறு ஓல்டன் மைதானத்தில் ஆட்டம் தொடங்குமுன் நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உன் இடத்துக்கு நடந்தேன். தம்ளரிலிருந்த தண்ணீரைப் புல்லில் ஊற்றினேன். "நீ நிண்டது காணும் ராசா. வழி விடு" என்றேன். என் காலுக்கு முன்னால் இரண்டு இடத்தில் புல் அழுந்திக் கிடந்தது. பாரமான ஒருவன் காலை எடுத்ததுபோல முதலில் ஒன்று மெல்ல நிமிர்ந்தது. வெகுநேரம் கழித்து மற்றதும்.

உன் இடத்தில் புதியவனை நிறுத்தினார்கள். முதல் ஓட்டத்திலேயே எதிரணிக்காரன் அவனை விழுத்திவிட்டு, அந்த வழியால் எல்லைவரை ஓடினான். எங்கள் பக்கம் அப்படியே உறைந்துபோனது. பீட்டர் முகத்தை மூடிக்கொண்டான். கைதட்டியது நான் ஒருத்திதான்.

இனி உன் பெயரைச் சொல்லி அழமாட்டேன். கூப்பிட்டால் நீ நின்றுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பாராமல் போ. நான் பிறகு ஆறுதலாக வாறன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா